ஒரே குரலில் இருவர்

முப்பத்தொரு விடைத்தாள்.
சிவப்பு மை தீர்ந்துபோய்
பச்சையில் திருத்திக்கொண்டிருக்கிறேன்.
லியபாயாவில் மார்ச் மாதக் காற்று
சன்னலை மூடிய பிறகும் உள்ளேதான் இருக்கிறது.

கேள்வி ஒன்றுதான்:
திரையிட்ட படத்தில் நாற்பத்தோராவது நிமிடம்,
சமையலறைக் காட்சி. கணவன் மனைவி உறவை
வகுப்பில் படித்த கோட்பாடு ஏதேனும் ஒன்றைக் கொண்டு விளக்குக.

மதாரா வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.
மனிதர் அடுக்கடுக்காய் உரிவார்களாம்,
மேல்தோலில் வானிலை, வேலை, விலைவாசி,
உள்ளே போகப் போக அச்சம், அவமானம்.
இந்தக் கணவன் முதல் தோலிலேயே நின்றுவிட்டான் என்று
ஒன்றரைப் பக்கம்.
சரிதான். எட்டு.

ரெய்னிஸ் படிக்கட்டு வரைந்திருக்கிறான், அளவுகோல் வைத்து.
ஏற ஐந்து படி, இறங்க ஐந்து படி.
இவர்கள் நிற்பது இறங்குபடியில் மூன்றாவது: தேக்கம்.
படிக்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பிகூட உண்டு.
ஒன்பது போட்டேன், கம்பிக்கும் சேர்த்து.

சாண்டிஸ் இருவரையும் கயிறிழுக்க விட்டிருக்கிறான்.
ஒட்டியிரு, தள்ளியிரு,
சொல்லிவிடு, மறைத்துவை.
கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று எழுதவில்லை.
நேரம் முடிந்திருக்கும்.

இருபத்தாறாவது தாள் குன்வால்டிஸுடையது.
பகலில் டிராம் ஓட்டுகிறவர்; மாலை வகுப்பில்
சீருடையோடு கடைசி வரிசை.
ஐம்பத்து மூன்று வயது. இதுவரை
ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

‘கோட்பாட்டின் பெயர் மறந்துபோனது’ என்று தொடங்குகிறார்.
‘படம் ஜார்ஜிய மொழி. நீங்கள் போட்டுக் காட்டியது
தொலைக்காட்சிக்குச் செய்த பிரதி.
அதில் கணவன் பேசுவதையும் மனைவி பேசுவதையும்
ஒரே ஆள்தான் நம் மொழியில் வாசிக்கிறார்,
ரயில் நேரம் அறிவிப்பதுபோல.
தன்னோடு தானே சண்டை போடுகிறார்,
தன்னிடமே மன்னிப்புக் கேட்கிறார்.

அந்தக் குரலுக்கு அடியில்
அவர்களுடைய சொந்தக் குரல்கள் மெலிதாக ஓடுகின்றன.
நான் அவற்றைத்தான் கேட்டேன்.
டிராமிலும் அப்படித்தான், மணிக்கு அடியில்
சக்கரத்தைக் கேட்க வேண்டும்.
“பனி வரும் போலிருக்கிறது” என்று
வாசிப்பவர் சொல்லி முடித்துவிடுகிறார்.
அவள் இன்னும் முடிக்கவில்லை.
ஏதோ சொல்கிறாள். இரண்டே அசை.
கணவன் கரண்டியைக் கீழே வைக்கிறான்.
வைத்தது பனிக்காக அல்ல.’

அவ்வளவுதான். அரைப் பக்கம்.

இந்தக் காட்சியை ஒன்பது ஆண்டுகளாக
ஒவ்வொரு மார்ச்சிலும் போட்டுக் காட்டுகிறேன்.
அந்தக் கரண்டியைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறேன்,
‘பேச்சிலிருந்து விலகும் உடல்மொழி’;
வில்னியுஸ் கருத்தரங்கில் கைதட்டினார்கள்.

மடிக்கணினியைத் திறந்து
காதில் மாட்டிக்கொண்டு
நாற்பதிலிருந்து ஓட விட்டேன்.
பனி வரும் போலிருக்கிறது.
ஓர் இருமல்; அது வாசிப்பவருடையது.
அப்புறம், தரைக்கு அடியில் தண்ணீர் போவதுபோல,
அவள். இரண்டு அசை.
மறுபடி ஓட விட்டேன். மறுபடி.
அவன் பெயராக இருக்கலாம்.
‘போதும்’ என்பதாக இருக்கலாம். ‘உப்பு’ என்றுகூட.
எனக்கு ஜார்ஜிய மொழி தெரியாது.
குன்வால்டிஸுக்கும் தெரியாது.
மொழிபெயர்த்தவருக்குத் தெரிந்திருக்கும்;
எழுதாமல் விட்டுவிட்டார், அல்லது
வாசிப்பவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மதிப்பெண் பட்டியலில் நான்கு கட்டம்:
கோட்பாடு, சான்று, தர்க்கம், நடை.
முதல் கட்டத்தில் பூஜ்யம்தான் போட முடியும்.
போட்டேன். கூட்டினால் ஆறு வந்தது.
அடிக்கவில்லை. ஓரத்தில்
ஏதாவது எழுதலாமென்று பேனாவை வைத்தேன்,
ஒரு பச்சைப் புள்ளி விழுந்து பரவியது.
அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை டிராம்.
இந்த ஊரில் ஒரே தடம், தப்ப முடியாது.
அவர்தான். கண்ணாடியில் பார்த்து
தொப்பியை லேசாகத் தொட்டார்.
முன்னால் போய் நின்றேன்,
தலைக்கு நேர் மேலே தகடு:
வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்.
நான்கு நிறுத்தம் போயிற்று.
இறங்கும்போது சொன்னேன்.
அதே நொடியில்
மணி அடித்தது.